செயின் தப்புப் பக்கம் இருக்கிற யானை

போன வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த தங்கையின் குழந்தைகளுக்கு நாலைந்து டீஷர்ட் எடுக்க வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காதர்பேட்டை என்பது திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பனியன் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இடம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது, தையல் பிசகியது எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும். ஊர்க்காரர்கள் யாரும் ஷோரூமில் பனியன் வாங்குவதில்லை.

மூன்றாவது கடையில் ஹேங்கரில் ஒரு மஞ்சள் டீஷர்ட் தொங்கியது. நெஞ்சில் சைக்கிள் ஓட்டுகிற யானை. தும்பிக்கையில் குடை, ஹேண்டில்பாரில் மணி. கையில் எடுத்துப் பார்த்தேன். முதலில் யானையைப் பார்க்கவில்லை, சைக்கிள் செயினைத்தான் பார்த்தேன். செயின் தப்புப் பக்கம் இருந்தது.

அந்தத் தப்பு என்னுடையது. இரண்டரை வருஷம் முன்னால் அந்த யானையை வரைந்துகொண்டிருந்தபோது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "அப்பா, யானை இடது பக்கம் பாத்துப் போகுது. அப்ப நமக்குத் தெரியறது சைக்கிளோட இடது பக்கம். செயின் வலது பக்கந்தானே இருக்கும், எப்படித் தெரியும்?" வாசலில் நிற்கிற அவளுடைய சைக்கிளைக் காட்டி நிரூபித்தும் விட்டாள். யானையே சைக்கிள் ஓட்டும்போது செயின் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று சோம்பலில் அப்படியே விட்டுவிட்டேன்.

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ங்ணா, நூத்தி இருவது ரூவா. நாலு எடுத்தா நூறு போட்டுக்கலாங்ணா" என்றார் கடைப் பையன். என் யானைக்கு நானே பேரம் பேசி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் டீஷர்ட்டுக்குப் படம் வரைகிறவன். பனியன் கம்பெனிகளுக்கு நெஞ்சுப் படம், துணி முழுக்க ஓடுகிற ஆல் ஓவர் பிரிண்ட். இடையில் கடைகளுக்கு லோகோ, ஸ்வீட் பாக்ஸ், விசிட்டிங் கார்டு. வரைந்ததை அடுத்தவன் எடுத்துக்கொண்டு போவது இந்தத் தொழிலில் மழை வெயில் மாதிரி. ஆனால் யானை விஷயத்தில்தான் முதல் தடவையாக, எது என்னுடையது, எதை நான் விற்றேன், எதை இழந்தேன் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கணக்கு நான் நினைத்த மாதிரி வரவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைல்களைத் திறந்தேன். யானை இரண்டு முறை வெளியே போயிருக்கிறது. முதல் முறை, அனுப்பர்பாளையம் பக்கம் குழந்தை உடுப்பு தைக்கிற ஒரு சின்ன யூனிட்டுக்கு. 1,500 ரூபாய் கொடுத்தார்கள், 300 பீஸ் அடித்தார்கள், முடிந்தது. இரண்டாவது முறை, வேறொரு கம்பெனி "பையர் வர்றாருங்க, பன்னெண்டு டிசைன் அனுப்புங்க, புடிச்சதை எடுத்துக்கறோம்" என்று கேட்டபோது அதிலே ஒன்றாக. பன்னிரண்டையும் நல்ல பெரிய சைஸில் வாட்ஸப்பில் அனுப்பினேன். நாலு நாள் கழித்து, "பையருக்கு எதுவுமே செட் ஆகலைங்க தம்பி, அடுத்த சீசன் பாத்துக்கலாம்" என்று பதில். சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் யானையின் சைக்கிளில் மணி கிடையாது. இரண்டாவது முறை அனுப்பும்போதுதான் மகள் சொல்லி மணி வைத்தேன். காதர்பேட்டை யானைக்கு மணி இருந்தது. ஆக யானை எந்த வாசல் வழியாக வெளியே போனது என்பதில் சந்தேகம் இல்லை.

எப்படிச் செய்திருப்பார்கள் என்றும் தெரியும், நானும் அந்த வேலை பார்த்தவன்தானே. வாட்ஸப் படத்தைக் கோரல் என்கிற வரைகிற சாஃப்ட்வேரில் போட்டு, படத்தைக் கோடாக்குகிற பவர் ட்ரேஸ் கொடுத்தால் கோடுகள் வந்துவிடும். கொஞ்சம் முனை சரிசெய்து, நாலு கலரையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் ஒரு பாசிட்டிவ் (படத்தைக் கறுப்பில் எடுத்த ஃபிலிம்) எடுத்து, அதை வைத்து அச்சடிக்கிற ஸ்க்ரீனை எக்ஸ்போஸ் செய்தால் மறுநாள் காலையில் பிரிண்டிங் டேபிளில் ஓடும். ஒரு ராத்திரி வேலை. ட்ரேஸ் எடுத்தவருக்குச் செயின் பற்றிய எண்ணமே வந்திருக்காது. தப்பையும் சேர்த்துத்தான் ட்ரேஸ் எடுக்கும்.

கோயம்புத்தூரில் இந்த மாதிரி வழக்குகள் பார்க்கிற ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். டீஷர்ட், வாட்ஸப் உரையாடல், பென்சில் ஸ்கெட்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். செயினைக் காட்டியதும் சிரித்தார். "இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரெண்டு பேருக்கு ஒரே யோசனை வரலாம், ஒரே தப்பு வராது" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"இந்த யானையை நீங்க சம்மதிச்சு இதுக்கு முன்னாடி எத்தனை பீஸ் அடிச்சிருக்காங்க?"

"முன்னூறு."

"அம்பதுக்கு மேல போயிருச்சே."

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத் தகுதியுள்ள ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, அதைப் போட்ட பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை அதோடு முடிந்துவிடும். திருடியவன் அடித்த பீஸ் இந்தக் கணக்கில் வராது. ஆனால் அனுப்பர்பாளையத்தில் 300 பீஸ் அடித்தது என் சம்மதத்தோடுதான். 51ஆவது பனியன் டேபிளை விட்டு இறங்கியபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"சரி, இப்பப் பதிவு பண்ணிடலாமா?" என்று கேட்டேன். அதுவும் முடியாது. 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமானால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன் வெளியே வந்திருக்கக் கூடாது. என் யானை ஏற்கெனவே 300 குழந்தைகளின் நெஞ்சில் ஏறி ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

இதில் நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதில் ஓர் அல்ப ஆறுதல். டெல்லியில் ரித்து குமார் என்ற பேர்பெற்ற ஆடை வடிவமைப்பாளரின் கம்பெனி, தங்கள் பிரிண்டுகளைக் காப்பியடித்ததாக இன்னொரு பெரிய ஆடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே 50 கணக்கைக் காட்டி அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. அதற்கும் முன்னால் 2009இல், சோபா துணியில் போடும் பூ வடிவங்கள் பற்றிய ஒரு வழக்கில் அதே நீதிமன்றம், காகிதத்தில் இருக்கிற மூல ஓவியத்துக்குப் பதிப்புரிமை இருக்கும், அதைத் துணியில் போட்டுப் பெருவாரியாக உற்பத்தி செய்கிற டிசைனுக்கு டிசைன் சட்டம்தான் பொருந்தும் என்று பிரித்துச் சொன்னது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எரிவாயு ஏற்றுகிற டிரெய்லர்களின் வரைபடம் சம்பந்தப்பட்ட வழக்கில், இது கலைப்படைப்பா தொழில் டிசைனா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்கத்தான் வேண்டும் என்று அதற்கான அளவுகோல்களைக் கொடுத்திருக்கிறது. "வாதாட இடம் இருக்கு. ஆனா ஒரு பனியன் யானைக்காக நீங்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்றார் வக்கீல் அம்மா. ஃபீஸ் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசுகிறவர்கள் அபூர்வம்.

எனக்கு வேடிக்கையாக இருந்த சமாச்சாரம் வேறொன்று. காலண்டர், லேபிள், வாழ்த்து அட்டை இவற்றை டிசைன் அலுவலகம் பதிவுக்கே எடுத்துக்கொள்வதில்லை. அவை பதிப்புரிமை பக்கத்தில் நிற்கிறவை. ஆகவே இந்த 50 கணக்கு அவற்றைத் தொடாது. என் யானையைச் சிவகாசியில் காலண்டராக ஒரு லட்சம் அடித்தாலும் உரிமை என் ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருஷம். அதையே திருப்பூரில் பனியனில் 51 அடித்தால் போச்சு. யானை ஒன்றுதான். காகிதத்தில் நடந்தால் ஒரு சட்டம், துணியில் நடந்தால் ஒரு சட்டம்.

(எதைச் சொன்னாலும் "பேட்டன்ட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு: பேட்டன்ட் கண்டுபிடிப்புக்கு. யானைக்குக் கிடையாது. தமிழில் பேட்டன்ட், காப்பிரைட் இரண்டுக்கும் காப்புரிமை என்று ஒரே சொல்லைப் போட்டு வைத்திருப்பதில் பாதிக் குழப்பம்.)

சிவகாசி என்றதும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நான் தொழில் கற்றதே அங்கே ஒரு டிடிபி சென்டரில்தான். கற்றது என்றால், காப்பியடிக்கக் கற்றது. ஆள் உள்ளே வரும்போதே கையில் இன்னொருவரின் கல்யாணப் பத்திரிகை இருக்கும். "இதே மாதிரி, ஆனா கொஞ்சம் மாத்தி." மயிலை மறுபக்கம் திருப்புவோம். மூன்று தாமரையை ஐந்தாக்குவோம். பார்டர் கலரை மெரூனிலிருந்து பச்சைக்குக் கொண்டுபோவோம். "முப்பது பர்சன்ட் மாத்திட்டா அது நம்ம டிசைன், யாரும் கேக்க முடியாது" என்பது எங்கள் மேஸ்திரி அண்ணனின் சட்டம். வேறு வேறு ஊர்களில் அதுவே இருபது பர்சன்ட், ஐம்பது பர்சன்ட் என்று புழங்குவதைப் பின்னால் கேட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு கணக்கே சட்டத்தில் இல்லை. ஒரு நாடகத்தை வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள் என்ற வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்: யோசனைக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை, இரண்டையும் பார்த்த ஒருவர் 'பின்னது முன்னதன் காப்பி' என்று சந்தேகமில்லாமல் உணர்ந்தால் அது காப்பி. பர்சன்டேஜ் அளக்கிற வேலை இல்லை. சைக்கிள் ஓட்டுகிற யானை யார் வேண்டுமானாலும் வரையலாம், நானே அதைக் கண்டுபிடிக்கவில்லை. செயினைத் தப்பாகப் போட்டுக் குடை பிடித்து மணி வைத்த யானை என்னுடையது.

அந்தச் சென்டரின் சுவரில் கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் லட்சுமி படம் மாட்டியிருந்தது. சிவகாசி அச்சில் அவர் படங்கள் தமிழ்நாட்டு வீடுகளின் பாதிப் பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தவை. அந்த லட்சுமியை அப்படியே தாளை வைத்து எடுத்து, கையில் கலசத்தை மாற்றி, எத்தனை காலண்டர் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் 1976இல் மறைந்தார். ஆயுளும் 60 வருஷமும் என்ற கணக்கில் அந்தப் படங்களின் உரிமை 2036 கடைசி வரை உயிரோடு இருக்கும். யார் கையில் என்பது வேறு கதை. பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்தால், ஓவியம், உருவப்படம், புகைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை சொல்லி வரைய வைத்தவருக்குப் போய்விடும் என்று சட்டத்தில் இருக்கிறது. ராஜு உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாரா, காலண்டர் கம்பெனி எழுதி வாங்கியதா, எனக்குத் தெரிய வழியில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மயிலைத் திருப்பிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் தெரியும்.

இவ்வளவும் போட்டியாளர் எடுத்துக்கொண்டு போவது பற்றி. வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டு போவது வேறு வகை, அது இன்னும் சாதுவாக நடக்கும்.

ஒரு மிட்டாய்க் கடைக்கு லோகோ செய்து கொடுத்தேன். பேசியது கடைப் பலகைக்கும் பாக்ஸுக்கும். ஒரு வருஷத்தில் அதே லோகோ நெய் டப்பாவில் வந்தது, அப்புறம் முறுக்கு பாக்கெட்டில், அப்புறம் அவர் மைத்துனர் பக்கத்து ஊரில் திறந்த பேக்கரியில். பேக்கரியில் வந்தபோது யாரோ அதன் கண்ணைப் பிடுங்கி, எழுத்தை வேறு ஃபான்ட்டில் மாற்றி, பார்க்கவே சகிக்காத கோலத்தில் இருந்தது. கேட்டேன். "நாந்தான் காசு குடுத்தனுங்களே தம்பி" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

காசு கொடுத்தால் பொருள் நம்முடையது என்பது கத்தரிக்காய்க்குச் சரி. டிசைனுக்குச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையில் வரைந்தது முதலாளிக்குச் சொந்தம். என்னைப் போல வெளியிலிருந்து வரைந்து கொடுக்கிறவருக்கு, மேலே சொன்ன விதிவிலக்கில் வராத வரை, முதல் உரிமையாளர் வரைந்தவரே. லோகோ என்பது அந்த விதிவிலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. உரிமை கைமாற வேண்டும் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்று சொல்லாமல் விட்டால் 5 வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஊரில் ஓடிக்கொண்டிருக்கிற பாதிக் கடைகளின் லோகோ சட்டப்படி இன்னும் அதை வரைந்தவருடையது. அது அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது, வரைந்தவருக்கும் தெரியாது. தெரிந்தால் இருவருக்கும் தூக்கம் போகும். முக்கியமாக, அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கிண்டி அலுவலகத்துக்குப் பணம் கட்டியிருக்கிற கடைக்காரருக்கு.

உரிமையை விற்றாலும் ஒன்று மட்டும் நம்மிடம் நின்றுவிடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. இதை வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை, நம் பேர் கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கிற உரிமை. கண்ணைப் பிடுங்கின பேக்கரி லோகோவைப் பார்த்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பேக்கரி மைத்துனரிடம் போய் 57ஆவது பிரிவு என்று நான் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். நல்ல மனிதர், தேங்காய் பன் கொடுப்பார்.

அதற்கப்புறம்தான் கொட்டேஷனின் அடியில் நாலு வரி எழுத ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் யாரோ போட்டிருந்த பத்துப் பக்க அக்ரிமென்ட்டை முதலில் முயன்று பார்த்தேன். ஒருவரும் படிக்கவில்லை, படிக்காமல் கையெழுத்தும் போடவில்லை. அப்புறம் ஊர்ப் பேச்சில் எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது:

"இந்தப் படம் குத்தகை. 1,000 பீஸ் வரை, குழந்தைகள் டீஷர்ட்டுக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு. அதற்கு மேல் அடிக்க வேண்டுமானால் மறுபடி பேசிக்கொள்வோம். கிரயமாக வேண்டுமானால் விலை வேறு, தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். முழுப் பணம் வந்த பிறகே உரிமை கைமாறும். தேர்வாகாத படங்கள் என்னுடையவை."

குத்தகை, கிரயம் என்ற இரண்டு சொல் போட்டதும் நடந்த மாயத்தை என்ன சொல்வது. கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருக்காத பனியன் முதலாளி குறைவு. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கிணறு வெட்டக் கூடாது, கிரயம் முடிக்காமல் வேலி போடக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பெரியவர் படித்துவிட்டு, "அட, காட்டை ஓட்டற மாதிரியே எழுதியிருக்கீங்ளே தம்பி" என்று சிரித்தார். கையெழுத்தும் போட்டார். இதே முதலாளிகள் வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஒப்பந்தத்தில், மிஞ்சின பீஸில் லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது வரை பக்கம் பக்கமாக ஒத்துக்கொள்கிறவர்கள்தான். காகிதத்தின் மதிப்பு அவர்களுக்குத் தெரியாது என்று நான் இத்தனை நாள் நினைத்தது என் தப்பு.

நாலு வரி எல்லாவற்றையும் காப்பாற்றுமா? காப்பாற்றாது. நான் செய்து பார்த்து விட்டுவிட்டவை நிறைய. வாட்டர்மார்க் போட்டேன். அதை அழிக்க இப்போது போனிலேயே வசதி இருக்கிறது, போதாததற்கு நல்ல வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். டிசைனைக் கவரில் போட்டு எனக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கொண்டு பிரிக்காமல் வைத்தேன். சினிமாவுக்குக் கதை எழுதுகிற நண்பன் சொல்லிக்கொடுத்தது. அதனால் உரிமை ஒன்றும் புதிதாகப் பிறக்காது, பதிப்புரிமை வரைந்த நிமிஷமே வந்துவிடுகிறது. தேதிக்கு வேண்டுமானால் ஒரு சாட்சி. அந்தத் தேதிக்கு இப்போது ஈமெயில் போதும். முறையாகப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு கலைப்படைப்புக்கு 500 ரூபாய், பொருளில் போடுகிற படமாக இருந்தால் 2,000. லேபிளுக்குச் செய்கிறேன். பொருளில் போடுகிற படமென்றால் இதே மாதிரி டிரேட்மார்க் எதுவும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் சான்றிதழ் வேறு வாங்கி வைக்க வேண்டும், அதற்கு அலைச்சல் தனி.

டிசைன் சட்டத்தின் பதிவுக்குத் தனி ஆளுக்கு 1,000 ரூபாய். கொல்கத்தா அலுவலகம். கிடைத்தால் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் மாதத்துக்கு முப்பது, நாற்பது படம் வரைகிறேன். அதில் எது ஓடும் என்று பையருக்கே தெரியாது. ஒரு சீசன் முடிந்தால் அந்தப் படத்தின் உயிரும் முடிந்தது, பதிவு கைக்கு வருவதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும். அந்தச் சட்டத்தில் காப்பியடித்தவர் தர வேண்டிய தொகையும் ஒரு தடவைக்கு 25,000, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000க்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நஷ்டஈடு கேட்டுத் தனியாக வழக்காட வேண்டும். என் கணக்கில் வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் பதிவுக்குத் தேறும். தொடராக வரப்போகிற பாத்திரம், வருஷக்கணக்கில் ஓடுகிற பார்டர், அந்த மாதிரி. அவற்றை ஒரு கண்ணுக்கும் காட்டாமல் பதிவுக்கு அனுப்பிவிட்டுத்தான் வாட்ஸப்பைத் திறக்கிறேன்.

எங்கே ஒழுகுகிறது என்பதைப் பார்ப்பதில்தான் இப்போது கவனம். பாதித் திருட்டு டிசைனரிடமிருந்தும் நடப்பதில்லை, முதலாளியிடமிருந்தும் நடப்பதில்லை. பிரிண்டிங் யூனிட்டில் பாசிட்டிவ் அப்படியே கிடக்கிறது. ஸ்க்ரீனைக் கழுவாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பார்ட்டி வந்து, "அந்தப் படத்தை நமக்கும் ஓட்டிக் குடுங்கண்ணா" என்றால் தட்ட முடியாது, உறவுக்காரராக வேறு இருப்பார். வேலை முடிந்ததும் பாசிட்டிவ் யாரிடம் போகிறது என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி அடைபடும். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்கிறவரிடம், "கிரயமா, குத்தகையா?" என்று கேட்கிறேன். குத்தகை என்றால் பிரிண்ட் ஃபைல் மட்டும். பன்னிரண்டு படம் காட்டச் சொன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். டீ வருகிறது, யானை, ஒட்டகம், ரயில் எல்லாம் பார்க்கிறார்கள், லேப்டாப்பை மூடிக்கொண்டு வருகிறேன். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தீப்பெட்டி சைஸில், பாதி அட்வான்ஸ் வந்த பிறகு.

யானைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. டீஷர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனிக்கே போனேன். சட்டம் என் பக்கம் நொண்டுகிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். முதலாளி டீஷர்ட்டைப் பார்த்தார், என் போனில் இருந்த வாட்ஸப் தேதியைப் பார்த்தார். மணியையும் செயினையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மெர்ச்சண்டைசர் பையன் பண்ணியிருக்கானுங்க. வேலைய விட்டுப் போயிட்டான்" என்றார். எல்லாக் கம்பெனியிலும் தப்பு செய்தவர் வேலையை விட்டுத்தான் போயிருப்பார். அப்புறம், "ஒரு யானைப் படந்தானுங்க தம்பி. இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார்.

"உங்க காட்டுல ஒருத்தர் கேக்காம ஒரு போகம் எடுத்துட்டுப் போனா விடுவீங்களாங்க?" என்றேன்.

நோட்டைப் புரட்டினார். 800 பீஸ். "என்ன குத்தகையோ அதைப் போட்டுக்கங்க" என்று கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். 4,000 என்று பில் எழுதினேன். 800 பீஸ், ஒரு ஆர்டருக்கு மட்டும் என்று அடியில் எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு ஜிபே செய்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்த லாட்டுக்குச் செயினை அந்தப் பக்கமா மாத்திக் குடுத்துருங்க. ஈரோட்டுக் கடைக்காரர் ஒருத்தர் கண்டுபுடிச்சிட்டாரு."

"அதுக்குத் தனி ரேட்டுங்க" என்றேன்.